சும்மாத்துண்டு

உருளை சூடாகும்வரை அங்கே யாரும் பேசுவதில்லை. சூடான பிறகு வாயாடியைத் தவிர யாருக்கும் பேச நேரம் இருப்பதில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பாய்லர்காரர் நீராவியைத் திறந்துவிட்டார். சுவரோரக் குழாய்கள் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கின. இரண்டு கட்டில் நீளமிருந்த இஸ்திரி உருளை மெதுவாகச் சுழலத் தொடங்கியது. பெரியக்கா ஈரக்கையை அதன்மேல் உதறினாள். துளிகள் சுர்ரென்று காணாமல் போயின.

"ம், கொடு" என்றாள்.

அவளும் வாயாடியும் ஈர விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து ஒரே நேரத்தில் வெடுக்கென்று உதறி, சுருக்கம் நீக்கி, விளிம்பை உருளைக்குக் கொடுத்தார்கள். விரிப்பு உள்ளே போய் மறுபக்கம் காய்ந்து அட்டைபோல வெளியே வந்தது. அங்கே நின்ற இரண்டு பெண்கள் அதை வாங்கி மடித்து அடுக்கினார்கள். ஓட்டல்கள், மருத்துவமனைகள் என்று பாதி நகரத்தின் படுக்கை அழுக்கு அந்தச் சலவை ஆலைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஓட்டல் மூட்டைகளில் ஒரு வகைத் துணி வரும். கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே அழகுக்குப் போடுகிற பட்டை. மினுமினுப்பானது, உருளையில் கொடுத்தால் கெட்டுவிடும். தனியாக அலசி, கையால் தேய்த்து, காகிதம் வைத்து மடிக்க வேண்டும். அதன் பெயர் யாருக்கும் தெரியாது. வேலைக்கு வந்த புதிதில் வாயாடி அதைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு என்னதான்க்கா வேலை? போத்திக்க முடியாது, துடைச்சிக்க முடியாது. படுக்க வர்றவங்க மொதல்ல இதைத்தான் எடுத்து நாற்காலில வீசுவாங்க. ஆனா இதுக்குத் தனிச் சோப்பு, தனித் தேய்ப்பு. சும்மாக் கெடக்குற துண்டுக்கு வந்த வாழ்வைப் பாரேன்!"

அன்றிலிருந்து அது சும்மாத்துண்டு. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் மனிதர்களுக்கும் பரவியது. இதற்கு முன் வாயாடி வேலை பார்த்த கிளினிக்கில் டாக்டரின் மகன் பரீட்சை எழுதுவதற்கு முன்பே அவன் பெயரில் பித்தளைப் பலகை செய்து வைத்திருந்தார்களாம். ஏழு வருடமாக அந்தப் பலகையைத் துடைத்தது இவள்தான்; மாட்டும் நாள் வரவேயில்லை. "சுத்தமான சும்மாத்துண்டு" என்றாள். வசதியான வீட்டில் பிறந்து, எதிலும் தேறாமல், யாராலும் தூக்கி எறியவும் படாமல் இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஆலையில் அதுவே பெயராயிற்று.

முதலாளியின் கடைசி மகன் ஆலைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. இருபத்தேழு வயது. மூன்று கல்லூரிகளில் படித்து ஒன்றையும் முடிக்காதவன். நண்பர்களோடு காப்பிக் கடை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஊற்றிக் கொடுத்து ஆறே மாதத்தில் மூடியவன். முதலாளி அவனை உருளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "இனிமே இவன் இங்கதான். வேலை கத்துக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவன் வெள்ளைவெளேரென்ற காலணியோடு ஈரத்தரையில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"புலிக்குப் பொறந்தது பூனையாகாதுன்னு சொன்னவன் இந்த வீட்டுப் பக்கம் வந்ததில்ல போல" என்று வாயாடி பெரியக்காவின் காதில் சொன்னாள். "சும்மாத்துண்டு வந்துருச்சுக்கா."

ஒரே வாரத்தில் அது அவன் காதுக்கும் போய்விட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாக்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்து, "அக்கா, சும்மாத்துண்டுன்னா என்ன?" என்று நேராகக் கேட்டான். வாயாடி எழுந்துபோய் ஒரு பட்டையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டு, அது எங்கே கிடக்கும், எதற்கு உதவாது என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு சிரித்தான். "எங்க வீட்ல இதைவிட மோசமா கூப்பிடுவாங்கக்கா. இதாவது பட்டா இருக்கு."

அன்று வாயாடி தன் டப்பாவில் பாதியை அவன் தட்டில் கொட்டினாள்.

அவனுக்கு வேலை வரவில்லை. கசங்காமல் மடிக்க வராது. எண்ணத் தொடங்கினால் நடுவில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்து விட்ட இடம் மறந்துபோகும். மருத்துவமனை வெள்ளையோடு ஒரு சிவப்புத் துவாலையைப் போட்டு இருநூறு தலையணை உறைகளை ரோஜா நிறமாக்கினான். முதலாளி கீழே வந்து அரைமணி நேரம் கத்தினார். கத்திவிட்டுப் போனார். அவ்வளவுதான். இதே தப்பைச் செய்த ஒருத்தியைப் போன வருடம் மறுநாளே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அது யாருக்கும் மறக்கவில்லை. ஆனாலும் அவன் அந்த ரோஜா உறைகளுக்கு நடுவே தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துக் கோபப்பட யாராலும் முடியவில்லை.

அடுத்த வாரம் பெரியக்கா ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டாள். மாதவிடாய் நின்றுகொண்டிருந்த சமயம். திடீரென்று உடம்பு கொதித்தது. ஒரு நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அதற்குள் உருளையில் துணி சுருண்டு பழுப்பேறிவிட்டது. மேனேஜர் வாசனை பிடித்துக்கொண்டு வந்தார். நீல அட்டை போட்ட குறிப்பேடு எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். அதில் பெயர் ஏறினால் சம்பளத்தில் இறங்கும்.

"யார் பண்ணது?"

பெரியக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் அங்கிள்."

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவன் கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆப்பிள் இருந்தது. அவர் எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?" என்று பெரியக்கா கேட்டாள்.

"என் பேரை எழுதினா அப்பா திட்டுவாரு. உங்க பேரை எழுதினா காசு பிடிப்பாங்க. திட்டு எனக்குப் பழகிப்போச்சுக்கா."

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. வண்டி தாமதமாகப் போனால் அவன்தான் தாமதப்படுத்தினான். பொத்தான் உடைந்தால் அவன்தான் உடைத்தான். பாய்லர்காரர் அசந்து தண்ணீர் பொங்கி வழிந்த அன்று, அந்தப் பெரிய மனிதர் கூச்சத்தோடு வந்து, "தம்பி, இன்னிக்கு உங்க பேர்ல ஒண்ணு போட்டுக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். சில நாட்களில் அவனே சாயங்காலம் உருளைப் பக்கம் வந்து, "அக்கா, இன்னிக்கு நான் என்ன பண்ணேன்?" என்று விசாரித்துவிட்டுப் போவான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா கேட்பாராம். சொல்வதற்குத் தயாராக இருக்க வேண்டுமே.

"பொறந்ததுலேருந்து ஒரு வேலையும் வரலன்னு சொன்னீங்களே தம்பி, இதோ வந்துருச்சு பாருங்க" என்றாள் வாயாடி. "பழி சுமக்குற வேலை. உங்களை அடிச்சுக்க ஆளே கெடையாது."

அவன் பெருமையோடு குனிந்து வணங்கினான். அந்த மாதம் முழுவதும் ஆலையில் ஒருவர் சம்பளத்திலும் பிடித்தம் இல்லை. வாயாடி தன் ஆறு வயது மகளுக்கு மழைக்கோட்டு வாங்கினாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் நகரத்தில் ஏதோ பெரிய மாநாடு வந்தது. ஓட்டல்கள் நிரம்பின. மூட்டைகள் கூரையைத் தொட்டன.

உருளைக்கு முன்னால், விரல் மட்டத்தில், நீளவாக்கில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை உண்டு. விரல்தடுப்பு என்பார்கள். கை தெரியாமல் நெருங்கி அதில் இடித்தால் உருளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். துணியின் தடித்த மடிப்பு இடித்தாலும் நிற்கும். நின்றால் மறுபடி ஓட்டிச் சூடேற்றப் பத்து நிமிடம் போகும். அந்த வாரம் ஒரு நாளைக்குப் பத்து தடவை நின்றது.

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் ஸ்டூலும் கம்பியும் கொண்டுவந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அவர் மேலே ஏறி, பட்டையை உயர்த்தி, இரண்டு முனைகளிலும் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்கு அங்கிள்?"

"வேலை நிக்காம ஓடத்தான்."

"சார், அது இல்லாம கை வைக்கப் பயமா இருக்கு" என்றாள் பெரியக்கா.

"ரெண்டே நாள்மா. மாநாடு முடிஞ்சதும் இறக்கிடலாம். இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு. பார்த்துக் கொடுக்க மாட்டீங்களா?"

மாநாடு முடிந்தது. கம்பி அப்படியே இருந்தது. வேலை வேகமாக நடந்ததைப் பார்த்து மேலிடம் மேனேஜரைப் பாராட்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில், வாயாடி தன் மகள் டீச்சரை எதிர்த்துப் பேசிய கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு விரிப்பைக் கொடுத்தாள். முனை மடங்கிக்கொண்டது. அதை நீவிவிட வலது கையை நீட்டினாள். டீச்சர் சொன்ன பதிலில் பாதிதான் வெளியே வந்தது.

பெரியக்கா உருளையை நிறுத்தும் கயிற்றை இழுத்ததும், பாய்லர்காரர் ஓடிவந்து உருளையைப் பின்னோக்கித் திருப்பியதும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தவை. அந்த ஒரு நிமிடமும் வாயாடி கத்தவில்லை. உதட்டைக் கடித்தபடி பெரியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வெளியே வந்தபோதுதான் மயங்கினாள். முதலாளி மகன் கையில் கிடைத்த புது விரிப்பால் அவள் கையைச் சுற்றி, அவளை அப்படியே தூக்கிக்கொண்டு தன் காருக்கு ஓடினான். பெரியக்கா பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவன், "அக்கா, தூங்காதீங்க, டீச்சர் என்ன சொன்னாங்க, சொல்லுங்க, டீச்சர் என்ன சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். அவன் எந்தச் சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை.

மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். சாயங்காலம் அவர்கள் இருவரும் ஆலைக்குத் திரும்பியபோது உருளை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பி இல்லை. பட்டை அதன் இடத்தில் இறங்கி ஒழுங்காக இருந்தது.

பத்து நாள் கழித்துத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வெயிலில் வந்த களைப்போடு முதலாளி அறையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். ஆலையின் மேல் தப்பென்றால் வாயாடிக்கு ஆயுளுக்கும் நஷ்டஈடு. அவள் மேல் தப்பென்றால் ஆஸ்பத்திரிச் செலவோடு சரி. மறுபக்கம் துணி வாங்கும் பெண்களுக்கு முன்பக்கம் தெரியாது. பாய்லர்காரர் ஓடிவந்த பதற்றத்தில் கம்பியைக் கவனிக்கவில்லை. வாயாடியை விட்டால் கம்பியைப் பார்த்தவர்கள் அவனும் பெரியக்காவும்தான்.

மேனேஜர் சொன்னார்: "தடுப்பு இருந்தது சார். துணி மாட்டிக்கிச்சுன்னு அடியில கைவிட்டிருக்காங்க. பேசிக்கிட்டே வேலை செய்யற பழக்கம். எல்லாருக்கும் தெரியும்."

"பொய்" என்றான் அவன். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவன் முன்னால் வந்தான். "இவருதான் கம்பியால கட்டினாரு. ஸ்டூலைப் பிடிச்சதே நான்தான் சார். என் மேலயும் தப்பு இருக்கு. எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். மேனேஜர் பதறவில்லை. நீலக் குறிப்பேட்டை மேஜைமேல் வைத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"தம்பி மனசு தங்கமான மனசு சார். அதான் பிரச்சினை. இதப் பாருங்க. போன மாசம் எட்டாம் தேதி பாய்லர் பொங்கினது. 'நான்தான்'னாரு. அதே நேரத்துல ரெண்டாவது மாடில மெஷின் கதவு உடைஞ்சது. அதுக்கும் 'நான்தான்'னாரு. பத்தொன்பதாம் தேதி வண்டி லேட். அதுவும் இவர்தானாம். அன்னிக்குத் தம்பி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கிட்டு வீட்ல படுத்திருந்தாரு. மறுநாள் வந்து சொன்னாரு." பக்கங்கள் புரண்டன. "முப்பத்தொண்ணு இருக்கு சார். யார் மேல பழி வந்தாலும் தன் தலைல இழுத்துப் போட்டுப்பாரு."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். முதலாளி தன் மகனைப் பார்க்காமல், "அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றார்.

"அதெல்லாம் பொய்தான் சார், ஒத்துக்கிறேன். இது நிஜம்." அவன் குரல் உடைந்தது. "பெரியக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

பெரியக்கா வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். பட்டை பன்னிரண்டு நாள் கட்டியிருந்தது, தானே வேண்டாமென்று சொன்னது, எல்லாவற்றையும். அவன் பொய் சொல்லும் ஆளில்லை என்று காட்ட, அவன் முதன்முதலில் பழி ஏற்ற அந்த விரிப்பைத் தீய்த்தது தான்தான் என்பதையும் சொன்னாள். "எங்களுக்காகத்தான் சார் அந்தத் தம்பி அதெல்லாம் சொன்னாரு."

"அப்போ இவரு உங்களுக்காகப் பொய் சொல்லுவாரு. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்க" என்றார் அதிகாரி. அவர் குரலில் கடுமை இல்லை. "இப்ப அந்தப் பொண்ணுக்காக ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றீங்க. நான் எதை வெச்சும்மா எழுதறது?"

பெரியக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. பெரியக்காவின் சம்பளத்தில் அந்த விரிப்புக்கான பிடித்தம் அந்த மாதமே வந்தது. வாயாடி கட்டோடு ஆலைக்கு வந்து, ஆஸ்பத்திரிச் செலவைப் பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இடது கையால் மூன்று முறை முயன்றாள், பெயர் வரவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்து அழகாக எழுதுகிறவள். கடைசியில் எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து அவள் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கி எடுத்தார்.

அவள் வீட்டுக்குப் பெரியக்கா வாரம் ஒருமுறை வேலைக்குப் போகும் வழியில் போய் வந்தாள். ஒற்றை அறை, சுவரோரம் அடுப்பு, கதவுக்குப் பின்னால் ஆணியில் பள்ளிச்சீருடை. வாயாடியின் கணவன் லாரியோட்டி. வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். ஒரு புதன்கிழமை காலை பெரியக்கா போனபோது, வாசலில் அந்த வெள்ளைக் காலணி கிடந்தது. அது இப்போது வெள்ளையாக இல்லை.

உள்ளே அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் வாயாடியின் மகள் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். அவன் வாயில் ரிப்பனைக் கவ்வியிருந்தான். வாயாடி எதிரே சுவரில் சாய்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"மூணாப் பிரிங்கன்னா மூணாப் பிரிங்க. அது நாலு. எண்ணத் தெரியலன்னா வாயைத் தொறந்து கேளுங்க."

"மாமா இழுக்குறாரு, வலிக்குது" என்றது குழந்தை.

"உங்கம்மாவைவிட மெதுவாத்தான் இழுக்கறேன்" என்றான் அவன், ரிப்பனுக்கு நடுவே. பெரியக்காவைப் பார்த்ததும் ரிப்பனைக் கையில் எடுத்தான். "வாங்கக்கா. ஒரு வாரமா கத்துக்கறேன். இன்னும் வரல."

"வேலைக்குப் போகலையா தம்பி?"

அவன் தலை குனிந்தான். "இனிமே போகலன்னு அப்பாகிட்ட சொன்னேன். திட்டக்கூட இல்லக்கா. அடுத்த மாசத்துலேருந்து என்னை டைரக்டராப் போடறாராம் அப்பா. ஆலைக்கு வராமலே இருக்கற வேலை."

வாயாடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பாகவே இருந்தது.

"நீங்க வழுக்கி விழுந்தாலும் மெத்தை மேலதான் தம்பி விழுவீங்க. போங்க, போய் உட்காருங்க. நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு."

"நீங்க திட்டலாம்க்கா."

"திட்டி என்னத்த? நீங்க உண்மையச் சொன்னீங்க, எனக்குத் தெரியும். அது போதும்." அவள் கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கி, கட்டைப் பார்த்து, இடது கையால் துடைத்துக்கொண்டாள். "பேச்சை விடுங்க. மணி எட்டேகால். இவளைப் பள்ளிக்கூடத்துல வெளிய நிக்க வெச்சிடுவாங்க."

"கொடுங்க தம்பி, நான் பின்னறேன்" என்று பெரியக்கா கையை நீட்டினாள்.

"வேணாம்க்கா. உங்களுக்கு நேரமாயிடுச்சு. நீங்க போனப்புறம் நாளைக்கும் நான்தானே பின்னணும்."

அவன் மறுபடி கூந்தலைப் பிரித்தான். இந்தத் தடவை மூன்றுதான். நாக்கைத் துருத்திக்கொண்டு, வலதுபக்கக் கற்றையைத் தூக்கி நடுவில் போட்டான். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் இருந்தது.

"இப்ப இடது" என்றாள் வாயாடி. "அதை மேல. இறுக்கி. இப்ப வலது. இடது. அப்படித்தான்."

பின்னல் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு இறங்கியது. வாயாடியின் பார்வை அதைவிட்டு நகரவில்லை. அவள் மடியில், வெள்ளைக் கட்டுக்குள், இல்லாத விரல்கள் வலது, இடது என்று தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன. அதைப் பெரியக்கா மட்டும் பார்த்தாள்.